கல்லூரிக் கட்டடத்துக்குப் பேர் வைக்கப் போகிறீர்களா? ஒரு பழைய ஆபீஸ் சூப்பிரண்டு சொல்வது

ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போன் வந்துவிடும். "மேடம், புது பிளாக் கட்டியிருக்கோம். பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் பணம் கொடுத்திருக்கார். அவங்க அப்பா பேரை வைக்கணுமாம். என்ன பண்ணணும்?" வடசென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 33 வருஷம் அலுவலக வேலை பார்த்தேன், கடைசி ஒன்பது வருஷம் சூப்பிரண்டு. பி.காம். படித்ததும் அங்கேதான் என்பதால் இப்போது முன்னாள் மாணவர் சங்கத்தில் பொருளாளர். கலையரங்கத்திலிருந்து குடிதண்ணீர்த் தொட்டி வரைக்கும் பதினோரு பேர் சூட்டலைக் கிட்டேயிருந்து பார்த்திருக்கிறேன். அதில் நான்கு, சண்டையில் முடிந்தவை. ஒவ்வொருத்தருக்கும் போனில் முக்கால் மணி நேரம் சொல்வதை ஒரே தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஒரு பையன், முப்பது வயசு இருக்கும், அலுவலக வாசலில் வந்து நின்றான். கையில் கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதில் வேட்டி கட்டிய ஒருவர், பக்கத்துச் சுவரில் மாலை போட்ட கல். "எங்க தாத்தா மேடம். இங்க லேப் கட்டப் பணம் கொடுத்தாராம். பாட்டி அந்தக் கல்லை ஒரு தடவை பார்க்கணும்னு சொல்றாங்க" என்றான். லேபை இடித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கோப்பு கிடைக்கவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் 'நன்கொடையாளருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது' என்று ஒரே வரி, பேர்கூட இல்லை. மூன்றாம் நாள் தோட்டக்காரர் வந்து, "சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி குழாயடியில ஒரு கல்லு கெடக்குதும்மா, புரட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். கடப்பாறை போட்டுப் புரட்டினோம். வெள்ளைச் சலவைக்கல். குப்புறப் போட்டு அதன் முதுகில் எட்டு வருஷமாகத் துணி துவைத்திருக்கிறார்கள். எழுத்துள்ள பக்கம் மண்ணுக்குள் இருந்ததால் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. அந்தப் பாட்டி சக்கர நாற்காலியில் வந்து, பேரை விரலால் தடவிப் பார்த்தார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

கீழே நான் பிடிவாதமாகச் சொல்லும் பல விஷயங்கள் அந்தக் குழாயடியில் ஆரம்பித்தவை.

யார் வைக்கலாம்

கட்டடம் யாருடைய சொத்து என்று பாருங்கள். உதவி பெறும் கல்லூரி என்றால் பெரும்பாலும் அறக்கட்டளையின் சொத்து. பேர் வைக்க வேண்டியது நிர்வாகக் குழு. முதல்வரோ சங்கத் தலைவரோ மைக்கைப் பிடித்து அறிவித்தால் பேர் சூட்டியதாக ஆகாது. எங்கள் செயலர் ஒருவர் ஆண்டு விழா மேடையில் உணர்ச்சிவசப்பட்டு அறிவித்துவிட்டார். அதைச் சரிக்கட்ட இரண்டு கூட்டம் போட வேண்டியிருந்தது. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரி என்றால் முதல்வர் கருத்துரு அனுப்பி, கல்லூரிக் கல்வி இயக்ககம் வழியாகக் கோட்டைக்குப் போய் ஆணை வர வேண்டும். நீங்களே முழுச் செலவையும் கொடுத்தாலும் அப்படித்தான். பல்கலைக்கழகத்தில் அதன் நிர்வாக அவையான சிண்டிகேட்டின் தீர்மானம்.

தீர்மானத்தை மொட்டையாக எழுதாதீர்கள். எந்தக் கட்டடம், அதில் எந்த மாடி வரை, கல்லில் வரப்போகும் வாசகம் எழுத்துக்கு எழுத்து என்ன, பேர் எத்தனை வருஷத்துக்கு, கட்டடத்தை இடித்தால் அந்தப் பேர் எங்கே போகும். இந்த ஐந்தும் தீர்மானத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும். இணைப்பில் இருக்கட்டும் என்பார்கள், விடாதீர்கள். இணைப்புதான் முதலில் தொலையும்.

மதிப்புக்குப் பேர் வேறு, பணத்துக்குப் பேர் வேறு

ஊருக்கு நல்லது செய்த பழைய மாணவரைக் கௌரவிப்பது ஒன்று. பணம் கொடுத்தவருக்கு நன்றி சொல்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கொண்டு வந்தால் 'பணம் கொடுத்ததால்தான் பெரிய மனுஷர் ஆனார்' என்று கேன்டீனில் பேச்சு கிளம்பும். எங்கள் சங்கத்தில் முதல் வகைக்கு அந்தக் குடும்பத்திடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. கல் செலவும் சங்கத்துடையது.

முதல் வகையில் அவசரம் கூடாது. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி தொடங்கியது 1950-ல். பிட்டி தியாகராயர் காலமானது 1925-ல். போய் இருபத்தைந்து வருஷம் கழித்தும் ஊர் விரும்பி வைத்த பேர் அது. நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு பத்து வருஷம். உயிரோடு இருப்பவர், அதுவும் பதவியில் இருப்பவர் பேர் வந்தால் 'அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்' என்று மினிட்ஸில் எழுதச் சொல்வேன். அடுத்த கூட்டத்துக்குள் பெரும்பாலும் சூடு ஆறியிருக்கும்.

இரண்டாம் வகைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் நம்ம கோட்டையிலிருந்தே போனது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். பதவியை வைத்துச் சொந்தத்துக்குச் சம்பாதித்தார் என்ற புகாரில் பதவி போனது. 1718-ல் அமெரிக்காவில் காசில்லாமல் தடுமாறிய ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகமும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்றும் அனுப்பி வைத்தார். சரக்கை விற்றதில் வந்தது சுமார் 562 பவுண்டு. கல்லூரி அவர் பேரை வைத்துக்கொண்டது, அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். முந்நூறு வருஷம் தாண்டியும் அதே பேர்தான். அவருடைய மகன் டேவிட்டின் கல்லறைத் தூணை ஐகோர்ட் பக்கம் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த யேலில்தான் 2017-ல் ஒரு விடுதிக் கல்லூரியின் பேரை மாற்றினார்கள். அடிமை முறையை ஆதரித்த கால்ஹூன் பேரை எடுத்துவிட்டு, அங்கேயே படித்த கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பேரை வைத்தார்கள். பேரை எடுப்பதற்கும் ஒரு வழி எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தொகை எவ்வளவு என்று கேட்பார்கள். 2024-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1970-ம் வருஷத்து எம்.டெக். மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி கொடுத்தார், ஒரு பிளாக்குக்கு அவர் பேர். எங்கள் கல்லூரிக்கு வந்த பெரிய தொகையே 42 லட்சம்தான். அதனால் கோடிக் கணக்கை விடுங்கள். முழுக் கட்டடத்துக்குப் பேர் வேண்டுமென்றால் கட்டுமானச் செலவில் பாதியாவது வர வேண்டும் என்று நாங்கள் வைத்திருந்தோம். அதற்குக் கீழே வகுப்பறை, ஆய்வகம், நூலகத்தில் படிக்கும் அறை என்று தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளலாம். பத்து லட்சம் கொடுத்தவர் பேரை நான்கு மாடிக் கட்டடத்தின் நெற்றியில் போட்டுவிட்டால், நாளைக்கு ஐம்பது லட்சத்தோடு வருபவருக்குக் கொடுக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

எனக்குப் பிடித்த பேர் சூட்டல் குடிதண்ணீர் அறைதான். மாலைக் கல்லூரியில் 1988-ல் பி.காம். முடித்த 63 பேர். துறைமுகத்தில் கிளார்க்காகப் போனவர்கள், மின்ட் தெருக் கடைகளில் கணக்கு எழுதியவர்கள், காசிமேட்டில் அப்பாவின் படகைப் பார்த்துக்கொண்டே படித்தவர்கள். ஒருவர் இரண்டு லட்சம் போட்டார், ஒருவர் ஐந்நூறு ரூபாய் போட்டார். கல்லில் 63 பேரும் அகர வரிசையில் இருக்கிறார்கள். தொகை போடவில்லை. எந்தக் கல்லிலும் தொகையைப் போடாதீர்கள்.

அப்புறம் தவணை. முதல் தவணை வந்ததும் கல்லை அடித்துவிட்டு ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். மூன்று தவணை என்றார் அந்த நன்கொடையாளர், முதலாவதோடு சரி. எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அந்தக் கல்லை இரண்டு வருஷம் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். முழுப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறும் வரை கல் அடிப்பவரிடம் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

ரசீது

காசோலை, வங்கிப் பரிமாற்றம் மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, அதாவது 80ஜி என்று எல்லோரும் சொல்வது, கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பான் எண் வாங்கி, வருமான வரித் தளத்தில் விவரம் ஏற்றி, அதிலிருந்து வரும் சான்றிதழைத்தான் கொடுக்க வேண்டும். நம்முடைய மஞ்சள் ரசீது மட்டும் போதாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கிடையாது. அது தெரியாமல் கொடுத்துவிட்டு ஜூலையில் போன் போட்டுக் கத்துவார்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் விஷயத்தில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். கேட்க கூச்சமாகத்தான் இருக்கும். துபாயில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி. அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும், பணம் முதலில் டெல்லி சன்சத் மார்க் ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு இல்லாத கல்லூரி என்றால் நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். 'இங்கிருக்கும் தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், அவன் கொடுப்பான்' என்ற யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பலருக்கு பயம் இருக்கிறது. 2019 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை தெளிவாகவே இருக்கிறது. அறநிலையத்துக்கு நன்கொடை கொடுத்தவரின் பேரை நன்றிக்காகப் பலகையில் போட்டால் வரி இல்லை. 'தந்தையின் நினைவாக இன்னார் வழங்கியது' என்பது அதிலேயே உதாரணமாக வருகிறது. ஆனால் அது விளம்பரமாகிவிட்டால் கதை மாறும். ஒரு பழைய மாணவர் தன் ஷிப்பிங் கம்பெனியின் லோகோ, போன் நம்பர் இரண்டும் கல்லில் வேண்டும் என்றார். சுற்றறிக்கையை நீட்டினேன். பேர் மட்டும் போதும் என்று ஒப்புக்கொண்டார்.

வாசகம்

வியாசர்பாடிப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, எம்.கே.பி. நகர் என்றால் என்ன விரிவு என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். மகாகவி பாரதி நகர். மீசையும் முண்டாசும் போய் மூன்று இங்கிலீஷ் எழுத்து மிஞ்சியிருக்கிறது. ஆர்.கே. நகருக்குள் டாக்டர் ராதாகிருஷ்ணன் ஒளிந்திருக்கிறார். ராயபுரத்தில் பிள்ளை பெறப் போகிறவர்கள் ஆர்.எஸ்.ஆர்.எம். என்றுதான் சொல்வார்கள். அது கொடையாளர் ராஜா சர் ராமசாமி முதலியாரின் பேர். வடசென்னை வாய்க்கு நீளமான பேர் நிற்காது. அதனால் நீங்களே சுருக்கமாக வைத்துவிடுங்கள். எங்கள் கல்லூரியில் 'கல்வி வள்ளல்' 'செம்மல்' எல்லாம் சேர்த்து பதினொரு சொல்லில் ஒரு கலையரங்கம் உண்டு. மாணவர்கள் அதை 'ஏ.சி. ஹால்' என்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பேராசிரியையின் இயற்பேரை மட்டும், 'அம்மா' சேர்த்து, ஒரு வாசிப்பறைக்கு வைத்தோம். அந்தப் பேரை இன்றைக்கும் பிள்ளைகள் முழுசாகச் சொல்கிறார்கள். வைக்கும் முன்னால் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, புதிதாக வருபவருக்கு வழி சொல்வது போல ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயில் சிக்கினால் வேறு பேர் பாருங்கள்.

சாதி ஒட்டு வேண்டும் என்று குடும்பத்தார் கேட்பார்கள். அந்தக் காலத்துப் பேர்கள் அப்படி இருந்தன, இப்போது வைக்கும் பேருக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. பள்ளிப் பேர்களிலிருந்து சாதி அடையாளத்தை எடுக்கச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்ததைக் காட்டினால் பாதிப் பேர் சமாதானமாவார்கள். மீதிப் பேரிடம் செயலரைப் பேசச் சொல்லுங்கள், அதற்குத்தானே அவர் இருக்கிறார்.

எழுத்துப் பிழைக்கு இரண்டு காவல். ஒன்று, வாசகத்தைத் தாளில் அடித்து குடும்பத்தில் எல்லோரிடமும் கையெழுத்து. மூத்த மகனிடம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, இனிஷியல் தவறென்று மகள் விழாவில் அழுததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அசல் அளவில் அச்சடித்து அந்தச் சுவரில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். மூன்று பேராசிரியர்கள் பார்த்து அனுப்பிய வாசகத்தில் 'முன்னாள் மானவர்' என்று இருந்ததைப் பிடித்தவள் எங்கள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. தமிழ்த் துறையில் ஒருமுறை 'கட்டடமா கட்டிடமா' என்று இரண்டு நாள் ஓடியது. கட்டியது கட்டடம், கட்டுகிற இடம் கட்டிடம் என்று முடிவானது. நீங்களும் கட்டடம் என்றே போடுங்கள், கடிதம் வராது.

இது நாங்கள் கடைசியாக வைத்த கல்லின் அமைப்பு. முதல் வரியில் பெரிதாகப் பேர். இரண்டாவது வரியில் அவர் இங்கே எதைப் படித்தார், எந்த வருஷம் முடித்தார். மூன்றாவது வரியில் யார் கொடுத்தது. கடைசியில் தீர்மான எண்ணும் தேதியும், சின்ன எழுத்தில். தீர்மான எண்ணைக் கல்லிலேயே வெட்டிவிட்டால் கோப்பு தொலைந்தாலும் பிடி ஒன்று இருக்கும். தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. கடைப் பலகைக்குச் சொல்கிற ஐந்துக்கு மூன்று அளவையே கல்லுக்கும் வைத்துக்கொண்டோம்.

கல்லும் உப்புக் காற்றும்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே நான்கு வருஷத்தில் உதிரும். கட்டடத்தின் முகப்பில் ஸ்டீல் எழுத்து வைக்கிறவர்கள் "எஸ்.எஸ். மேடம், துருவே பிடிக்காது" என்று சொல்லிக் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். மலிவான 202 கிரேடு ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. கடற்கரைக்கு 316 கிரேடுதான் தாங்கும். 304 போட்டால் டீக்கறை மாதிரி பழுப்பு இறங்கும். கிரேடை பில்லில் எழுதி வாங்குங்கள்.

கல்லுக்குக் கறுப்பு கிரானைட். எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், பெயின்ட் உதிர்ந்தாலும் படிக்க முடிய வேண்டும். எங்களுக்குச் செய்து கொடுத்த அண்ணன் கல்லறைக் கல் வெட்டுபவர். "பெயின்ட்டை நம்பாதீங்கம்மா, நெழல நம்புங்க" என்பார். வெட்டு ஆழமாக இருந்தால் வெயில் சாய்ந்து விழும்போது எழுத்துக்குள் நிழல் தங்கும், தூரத்திலிருந்தே படிக்கலாம். அதனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும் சுவரை விட, பக்கவாட்டில் விழும் சுவர் நல்லது. கண் மட்டத்தில் வையுங்கள். சிமென்ட் போட்டு ஒட்டாதீர்கள். நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, பித்தளைக் குமிழ் வைத்த திருகால் மாட்டுங்கள். சுவரை இடிக்கும் நாளில் கல்லைக் கழற்றி எடுக்க வேண்டும் அல்லவா. ஒட்டிய கல்லை ஜே.சி.பி. சுவரோடு சேர்த்துத்தான் தள்ளும்.

விழா

திறப்பு விழாக் கல்லும் பேர்க் கல்லும் தனித்தனியாக இருக்கட்டும். ஒன்றாகப் போட்டால் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று இறங்கி, யார் பேரை வைத்தோமோ அவர் ஆறாவது வரிக்குப் போய்விடுவார். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் வீட்டுப் பெரியவரை விட்டே திரையை இழுக்கச் சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒருமுறை செய்தோம். விருந்தினர் வந்து கோபித்துக்கொண்டார், போட்டோ மட்டும் நன்றாக வந்தது.

ஒப்பந்தம்

இது இல்லாமல்தான் சலவைக்கல் குழாயடிக்குப் போனது. ஒரு பக்கம் போதும். பேர் கட்டடம் நிற்கும் வரை, அல்லது முப்பது வருஷம், எது முன்போ அது வரை என்று எழுதுங்கள். 'நிரந்தரமாக' என்ற சொல் வேண்டாம். பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானார். அவர் விட்டுச் சென்ற பணம் பள்ளிக்கூடமாக ஆனது 1842-ல். நடுவில் அத்தனை வருஷம் உயிலும் வழக்குமாக ஓடியது. அவ்வளவு பெரிய சொத்துக்கே அந்தக் கதி என்றால் நம்முடைய ஒரு மாடிக் கட்டடத்துக்கு ஒரு தாளாவது வேண்டும். இடித்தால் குடும்பத்துக்குப் பதிவுத் தபாலில் தகவல், கல் பத்திரமாகக் கழற்றப்பட்டு நூலகச் சுவருக்குப் போகும், புதுக் கட்டடத்தில் ஒரு அறைக்காவது அதே பேர் என்று எழுதுங்கள். பேருக்கு உரியவர் பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றால் நிர்வாகக் குழு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் பேரை எடுக்கலாம், அப்போது பணம் திரும்பாது என்றும் ஒரு வரி. இந்த வரியைப் படித்துவிட்டு முகம் மாறுகிறவரிடம் நிதானமாக இருங்கள்.

பராமரிப்புக்கு நன்கொடையில் பத்தில் ஒரு பங்கைத் தனி வைப்பு நிதியாகப் போடச் சொல்லுங்கள். பேர் பளபளக்க, அடியில் கழிவறைக் கதவு தொங்குகிற கட்டடத்தைப் போல நன்கொடையாளரை அவமானப்படுத்துவது வேறு இல்லை.

ஒப்பந்தத்தில் மூன்று பிரதி. ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று அறக்கட்டளை அலுவலகத்துக்கு, ஒன்று நூலகருக்கு. நூலகரிடம் கொடுப்பது என் கண்டுபிடிப்பு. அலுவலகத்தில் கோப்பைக் கழித்துக் கட்டுவார்கள், நூலகர் எதற்கும் நம்பர் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார். கூடவே கல்லின் போட்டோ ஒன்று, பின்னால் எந்தச் சுவர் என்று பென்சிலில் எழுதி. எங்கள் நூலகத்தில் அந்தக் கோப்புக்குப் பக்கத்துச் சுவரில்தான் பழைய சலவைக்கல்லை மாட்டியிருக்கிறோம். முதுகுப் பக்கத்தில் சோப்புக் கறை இன்னும் இருக்கிறது. நான்கு திருகைக் கழற்றினால் பார்க்கலாம்.